எண்பத்தைந்தாவது வண்டி

ஒரு சாலையில் வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன? ரொம்ப எளிதான கேள்வி. இதற்குப் பதில் கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸும் ஒரு ஸ்டாப்வாட்சும் போதும் என்றுதான் சிவில் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு முதலில் சொல்லித் தரப்படுகிறது. சாலையில் 30 மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு கோடு. முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும்போது ஒரு அழுத்து, இரண்டாவது கோட்டைத் தொடும்போது இன்னொரு அழுத்து. 2 விநாடி ஆனால் விநாடிக்கு 15 மீட்டர். அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 54 கி.மீ. கதை முடிந்தது.

ஆனால் முடிவதில்லை. கட்டைவிரலின் அவசரத்தில் 2 விநாடி 1.8 ஆகிவிட்டால் அதே வண்டி 60-ல் போனதாகக் கணக்கு வரும். கொஞ்சம் அசந்து 2.2 ஆகிவிட்டால் 49. ஒரே வண்டி, ஒரே வேகம், ஆனால் தாளில் 11 கி.மீ. வித்தியாசம்! போதாததற்கு, கையில் அட்டையோடு நாலு பேர் ஓரமாக நிற்பதைப் பார்த்ததும் போலீஸோ என்று பயந்து பிரேக்கில் கால் வைப்பவர்கள் வேறு. அதனால்தான் ஒரு வண்டியை வைத்து யாரும் முடிவுக்கு வருவதில்லை. நூறு, இருநூறு வண்டிகளை அளக்கிறார்கள். விரலின் தவறுகள் முன்னும் பின்னுமாக ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆனால் பயந்து வேகம் குறைத்தவர்களின் தவறு அப்படிச் சரியாகாது. அது எல்லாமே ஒரே பக்கம் சாயும் தவறு. எத்தனை வண்டி அளந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். புள்ளியியலின் முதல் பாடமே இதுதான்.

சரி, நூறு வேகங்கள் கிடைத்துவிட்டன. சராசரி எடுத்துவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வண்டி 40-ல் போகிறது, இன்னொன்று 60-ல். ஓரமாக நின்று அளந்தவருக்குச் சராசரி 50. ஆனால் ஒரு கிலோமீட்டரைக் கடக்க முதல் வண்டிக்கு ஒன்றரை நிமிடம், இரண்டாவதற்கு ஒரு நிமிடம். இரண்டு கிலோமீட்டருக்கு மொத்தம் இரண்டரை நிமிடம். இப்படிக் கணக்கிட்டால் சராசரி 48. இரண்டுமே சரியான விடைகள்தான், கேள்விகள்தான் வேறு வேறு. முதலாவது ஓர் இடத்தில் நின்று பார்த்த சராசரி. இரண்டாவது சாலையின் நீளம் முழுக்கப் பார்த்த சராசரி. இந்த வித்தியாசத்தை 1952-லேயே இங்கிலாந்தின் வார்ட்ராப் கணக்குப் போட்டுத் தெளிவாக எழுதிவிட்டார். ஓரிடத்தில் நின்று எடுத்த சராசரி எப்போதும் மற்றதைவிடக் கூடுதலாக இருக்கும், அல்லது சமமாக இருக்கும். குறைவாக வரவே வராது.

இப்போது தலைப்புக்கு வரலாம். ஒரு சாலைக்கு வேகவரம்பு வைப்பது எப்படி? உலகம் முழுக்கப் பொறியாளர்கள் பழகிவைத்திருக்கும் வழி 85-ஆவது நூற்றுமானம். பர்சன்டைல் என்றால் எல்லோருக்கும் சட்டென்று புரியும். நூறு வண்டிகளை வேகத்தின் வரிசையில், மெதுவானதிலிருந்து வேகமானது வரை நிறுத்தினால் எண்பத்தைந்தாவது வண்டி என்ன வேகமோ, அதுதான் அந்தச் சாலைக்கு ஏற்ற வேகம் என்பது கணக்கு. நம் ஊர் மாணவர்கள் கரைத்துக் குடிக்கும் கன்னா – ஜஸ்டோ புத்தகத்திலும் இது உண்டு. வரம்புக்கு 85, சாலையை வடிவமைக்க 98, ரொம்ப மெதுவாகப் போய் வழியை அடைப்பவர்களைக் கண்டுபிடிக்க 15.

ஏன் 85? வேகங்கள் அழகான மணி வடிவத்தில் பரவியிருந்தால், சராசரியோடு ஒரு திட்டவிலக்கத்தைக் கூட்டினால் கிட்டத்தட்ட இந்த இடம்தான் வரும். சராசரி 50, திட்டவிலக்கம் 8 என்றால் 58. அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் கூட்டத்திலிருந்து விலகியவர்கள். இதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை, பெரும்பாலான ஓட்டுநர்கள் விவேகமானவர்கள், சாலையைப் பார்த்துத் தங்கள் வேகத்தைத் தாங்களே சரியாக முடிவு செய்வார்கள் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் மணி வடிவம் இருந்தால்தானே? கார், லாரி, பஸ், ஷேர் ஆட்டோ, டிவிஎஸ் 50, டிராக்டர் எல்லாம் ஒன்றாகப் போகும் சாலையில் வேகங்கள் ஒரே குன்றாக எழுவதில்லை. இரண்டு, மூன்று குன்றுகள். ஓர் எடுத்துக்காட்டு. நூறு வண்டிகளில் அறுபது 40-ஐ ஒட்டியும், நாற்பது கார்கள் 80-ஐ ஒட்டியும் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 56. அந்த 56-ல் ஒரு வண்டிகூடப் போகவில்லை! எண்பத்தைந்தாவது வண்டியோ கார்களின் குன்றில் இருக்கிறது, 80-க்கும் கொஞ்சம் மேலே. அதை வரம்பாக எழுதிப் பலகை வைத்தால், பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பின்னால் வரும் வண்டிகளோடு சாலையைப் பகிர வேண்டியதுதான். வண்டி வாரியாகப் பிரித்து வரம்பு வைப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. 2023 நவம்பரில் சென்னையில் அறிவிக்கப்பட்ட வரம்புகள் அப்படித்தான் இருந்தன. இலகு ரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லோருக்கும் 30.

இன்னொரு தொல்லையும் உண்டு. வரம்பைக் கூட்டினால் வண்டிகள் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகும். மறுபடி அளந்தால் எண்பத்தைந்தாவது வண்டியும் மேலே ஏறியிருக்கும். மறுபடி கூட்டு! அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-ல் வெளியிட்ட அறிக்கையில் இந்தச் சுழலைச் சுட்டிக்காட்டி, 85-ஐ மட்டும் நம்ப வேண்டாம் என்று சொன்னது.

"வேகம் ஆபத்தில்லை, வேக வித்தியாசம்தான் ஆபத்து" என்று வாதாடுபவர்களை டீக்கடையிலும் பார்க்கலாம், இணையத்திலும் பார்க்கலாம். இதற்கு ஒரு பழைய ஆதாரம் இருக்கிறது. 1964-ல் அமெரிக்காவில் டேவிட் சாலமன் கிராமப்புற நெடுஞ்சாலைகளை ஆராய்ந்து வரைந்த வளைகோடு அது. சராசரிக்கு ரொம்ப மேலே போனாலும் ஆபத்து, ரொம்பக் கீழே போனாலும் ஆபத்து என்றது அந்தக் கோடு. பிறகு வந்தவர்கள் அதைத் துருவினார்கள். மெதுவாகப் போய் மோதியவை என்று எழுதப்பட்ட வண்டிகளில் கணிசமானவை திரும்புவதற்காகவும் நிற்பதற்காகவும் வேகத்தைக் குறைத்தவை. அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தபோது அந்தப் பக்கத்து ஆபத்து பெருமளவு சரிந்துவிட்டது. 1997-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழக ஆய்வு இன்னும் நேரடியாகச் சொன்னது. 60 கி.மீ. வரம்புள்ள நகரச் சாலைகளில், அதற்கு மேல் ஒவ்வொரு 5 கி.மீ. கூடும்போதும் காயம் ஏற்படுத்தும் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

சுவீடனின் யோரான் நில்சன் சராசரியையே எடுத்துக்கொண்டார். ஒரு சாலையின் சராசரி வேகம் மாறினால் உயிர்பலி விபத்துகள் ஏறக்குறைய அந்த விகிதத்தின் நான்காம் அடுக்கில் மாறும் என்பது அவருடைய விதி. 50 என்ற சராசரி 45 ஆனால் 0.9-இன் நான்காம் அடுக்கு, அதாவது சுமார் 0.66. மூன்றில் ஒரு பங்கு மரணம் குறைகிறது. 5 கி.மீ.க்கு இவ்வளவா என்று தோன்றும். கீழே இருக்கும் கணக்கைப் பாருங்கள்.

ஒருவர் திடீரென்று சாலையில் இறங்குகிறார். 50-ல் வரும் கார் ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி. அதற்குள் 14 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக், காய்ந்த சாலை என்றால் இன்னொரு 14 மீட்டரில் நிற்கும். மொத்தம் 28. அதே இடத்தில் 80-ல் வரும் கார்? சுதாரிக்கும் அந்த ஒரு விநாடியிலேயே 22 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து மிச்சமிருக்கும் 6 மீட்டருக்குள் எவ்வளவு குறையும் தெரியுமா? முதல் கார் முழுவதுமாக நின்றுவிட்ட அதே இடத்தை இது சுமார் 73 கி.மீ. வேகத்தில் கடக்கும். அந்த இடத்தில்தான் அந்த மனிதர் நிற்கிறார்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 71 சதவீத மரணங்களுக்குக் காரணம் அதிவேகம் என்று எழுதியிருக்கிறது. இந்த "அதிவேகம்" பெரும்பாலும் கருவி வைத்து அளந்தது அல்ல. எல்லாம் முடிந்த பிறகு காவல்துறையின் படிவத்தில் நிரப்பப்படுவது. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற சொற்கள் நம் ஊர் முதல் தகவல் அறிக்கைகளில் எவ்வளவு சகஜம் என்று எல்லோருக்கும் தெரியும். அது பொய் என்று அர்த்தமில்லை. எத்தனை கி.மீ. வேகம், அந்த இடத்தில் வழக்கமான வேகம் என்ன, எவ்வளவு குறைந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்ற கேள்விகளுக்கு அந்த ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. அதற்கு அந்த சாக்பீஸ் கோடுகள்தான் வேண்டும்.

அந்த ஆண்டு இறந்தவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். வேகக் கணக்கெடுப்பின் தாளில் கார் உண்டு, லாரி உண்டு, பைக் உண்டு. இவர்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. எண்பத்தைந்து பேர் எந்த வேகத்தை விரும்புகிறார்கள் என்று கேட்கும்போது, சாலையைக் கடக்கக் காத்திருக்கும் பாட்டியையும் பள்ளிக்கூடப் பையனையும் யாரும் அந்த நூறில் சேர்ப்பதில்லை.

சேர்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. அடுத்த தடவை ஸ்டாப்வாட்சோடு சாலையோரம் போகிறவர்கள் தாளில் இன்னும் இரண்டு கட்டம் போட்டால் போதும். இந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடந்தார்கள், கடப்பதற்கு முன் எத்தனை விநாடி நின்றார்கள். அதை அளக்கவும் அதே ஸ்டாப்வாட்ச்தான்.