செப்புத் தகட்டில் ஒரு சமுத்திரம்

இங்கிலாந்துக்குப் போகிறவர்களில் பலர் லண்டனோடு திரும்பிவிடுகிறார்கள். மேற்கே ஸாமர்செட் ஜில்லாவில் நெதர் ஸ்டோவி என்றொரு கிராமம். கவிஞர் கோலரிட்ஜ் 1797-ல் குடியிருந்த வீடு அங்கே காட்சிசாலையாக இருக்கிறது. சமையலறையில் நின்றபோது எனக்குக் கவிஞரைவிட அவர் மனைவி ஸாராவின் ஞாபகம்தான் வந்தது. கைக்குழந்தை, குளிர், எலித் தொல்லை, போதாக்குறைக்கு விருந்தாளிகள்! ஒரு நாள் கொதிக்கும் பால் அவள் கைதவறிக் கணவர் காலில் கொட்டிவிட்டது. சிநேகிதர்களோடு உலாவப் போக முடியாத கவிஞர், அதையும் கவிதையாக்கிவிட்டார். ஸாராவின் கட்சியைப் பாடத்தான் ஆள் இல்லை.

அவ்வருஷம் நவம்பரில் வோர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டாரதியும் கூட வர, கடலோரமாக ஒரு கால்நடைப் பிரயாணம். வழிச் செலவுக்கு 5 பவுன் கிடைக்கட்டுமே என்று ஆரம்பித்ததுதான் 'புராதன மாலுமி'. காரணமின்றி ஒரு கடற்பறவையைக் கொன்ற மாலுமி, கப்பலில் மற்ற எல்லோரும் மாண்டுபோக, தான் மட்டும் பிழைக்கிறான். பக்கத்து வாட்செட் துறைமுகத்தில், கழுத்தில் செத்த பறவையோடு அவன் சிலையாக நிற்கிறான்.

1798-ல் அக்கவிதையைப் புத்தகமாக்கியவர் பிரிஸ்டல் நகரத்துக் காட்டில். அதே பிரிஸ்டலில் 131 வருஷம் கழித்து, டக்ளஸ் கிளெவர்டன் என்ற இளம் புத்தக வியாபாரி, டேவிட் ஜோன்ஸைப் படம் போடச் சொல்லி அதை வெளியிட்டார். நல்ல ஆளைத்தான் பிடித்தார்! ஜோன்ஸ் முதல் மகாயுத்தத்தில் சாதாரணச் சிப்பாய். 1916-ல் பிரான்ஸில் மாமெட்ஸ் காட்டில் காலில் குண்டு பட்டபோது வயது 20. தோழர்கள் சாய, தான் மட்டும் மிஞ்சுவது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாத்திரக் கடையில் குடத்தில் பெயர் வெட்டுவார்களே, ஏறக்குறைய அந்த வேலைதான். ஆனால் சுத்தியல் கிடையாது. உள்ளங்கையால் உளியைத் தள்ள வேண்டும். செப்புத் தகட்டில் கோடு கிழித்து, மையைத் தேய்த்து, மேலே படிந்ததைத் துடைத்துவிடுவார்கள். பள்ளத்தில் நின்ற மை, ஈரக் காகிதத்தில் அழுந்தி ஏறும். வலது இடதாகிவிடும் என்பதால் எல்லாவற்றையும் மாற்றியே வரைய வேண்டும்.

டோரேயின் பிரசித்தமான படங்களில் இருட்டும் பயங்கரமும் மிரட்டும். ஜோன்ஸிடம் தலைமுடி போன்ற மெல்லிய கோடுகள்தான். கயிறு எது, கை எது என்று தெரியச் சற்றுப் பொறுமை வேண்டும். அம்பு தைத்த பறவை சிலுவையில் அறைந்ததுபோல் சிறகு விரித்துக் கிடப்பதைப் பார்த்தபின் எனக்கு டோரே ருசிக்கவில்லை.

பிறகு கண் உபத்திரவத்தால் ஜோன்ஸ் உளியை வைத்துவிட்டார். எழுதத் தொடங்கியிருந்த தம் யுத்த அனுபவம் மட்டும் நின்றுபோகவில்லை. மாமெட்ஸ் காட்டோடு முடியும் அந்தப் புத்தகம் 1937-ல் வெளிவந்தது.