ரீச்சருக்குப் போகாத பதில்

தபாலில் எங்களுக்கு வந்த முதல் வாசகர் கடிதம் ஐந்து மாதமாக மேசை லாச்சிக்குள் கிடந்தது.

மன்னாரிலிருந்து வந்த கடிதம் அது. நாலு ஃபுல்ஸ்கப் தாள், நீல மை, கோடு பிசகாத எழுத்து. எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர். எங்களில் ஒருத்தி ஞாயிறு பூசைக்குப் போகாமல் விட்டதைப் பற்றி எழுதிய கட்டுரையை அவருடைய பேத்தி போனில் காட்டியிருக்கிறாள். எங்கட தோழி 2009 இல் அப்பாவை இழந்தவள். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் உள்ளே போய் அப்பாவுக்காக மெழுகுதிரி கொளுத்துவார். இவள் வெளியில் வேப்பமரத்துக்குக் கீழ் நிற்பாள். அதைத்தான் எழுதியிருந்தாள். நிறையப் பேர் வாசித்தார்கள். "அழுதிட்டன்" எண்டு ஆக்கள் பின்னூட்டம் போட்டார்கள். நாங்கள் குளிர்ந்து போனோம்.

"அன்பின் பிள்ளைகளுக்கு" எண்டு தொடங்கிய ரீச்சர் முதல் இரண்டு பக்கத்தில் எங்கள் எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருந்தார். 'முயற்சித்தோம்' எண்டு எழுதக்கூடாதாம், 'முயன்றோம்' தான் சரியாம். மூன்றாவது பக்கத்தில் விஷயம் இருந்தது. கட்டுரையை வாசித்த பேத்தியும் இப்போது கோயிலுக்கு வரமாட்டன் எண்டு நிற்கிறாள். "நீங்கள் விட்டது கோயிலையா, ஆண்டவரையா? எனக்குச் சொல்லுங்கோ. நான் அவளுக்குச் சொல்ல வேணும்."

நாங்கள் என்ன செய்தோம்? முதல் பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் போட்டோம். இதயம் எல்லாம் வைத்து. பிறகு கடிதத்தை லாச்சிக்குள் வைத்தோம்.

இந்த நிலையில்தான் சி. எஸ். லூயிஸ் வந்து சேர்ந்தார். நார்னியாக் கதைகளை எழுதியவர். எங்களில் ஆங்கிலம் விசேட கற்கை செய்கிறவனுக்கு அவரைப் பற்றி ஒரு ஒப்படை இருந்தது. சிறுவர்களுக்கு லூயிஸ் எழுதிய கடிதங்கள் 1985 இல் தனிப் புத்தகமாக வந்திருக்கின்றன. அதை அவன் இரவில் சத்தமாக வாசிக்க, நாங்கள் பிளேன்ரீ குடித்துக்கொண்டு கேட்டோம். உண்மையைச் சொன்னால் பெரிய ஆர்வம் ஒண்டும் இருக்கேல்லை. நாலு பேரில் ஒருத்திதான் கத்தோலிக்கம், அவளும் வேப்பமரத்துக்குக் கீழ் நிற்கிறவள். மற்ற இருவர் சைவம். ஒருவனுக்கு ஒண்டும் இல்லை.

ஆனால் ஒரு கடிதத்தில் அவன் வாசிப்பை நிற்பாட்டினான்.

1955 இல் அமெரிக்காவில் ஒரு தாய் லூயிசுக்கு எழுதுகிறார். ஒன்பது வயது மகனுக்குப் பெரிய பயம் பிடித்துவிட்டது. நார்னியாவில் வரும் சிங்கம் அஸ்லானை, இயேசுவை விடக் கூடுதலாக நேசிக்கிறேனோ, அது பாவமோ எண்டு பிள்ளை கலங்குகிறான். லூயிஸ் பதில் எழுதுகிறார். அஸ்லான் செய்வதாகப் பிள்ளை விரும்புகிற காரியங்கள் எல்லாம் இயேசு உண்மையில் செய்தவைதான், ஆகவே அவன் நேசிப்பதும் இயேசுவைத்தான் எண்டு பொறுமையாக விளங்கப்படுத்துகிறார். இதைக்கூட ஒரு கெட்டிக்கார உபதேசியார் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு வருவதுதான் எங்களைப் பிடித்தது. பிள்ளை தன் செபத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் எண்டு யோசனை சொல்கிறார்: லூயிசின் புத்தகங்கள் வேறு பிள்ளைகளையும் இப்படிக் கலங்கப்பண்ணியிருந்தால் அவரை மன்னிக்கும்படியும், இனி அப்படிச் செய்யாமலிருக்க உதவும்படியும்.

புகழின் உச்சியில் இருந்த மனுசன். 1941 இலிருந்து பிபிசி வானொலியில் பேசி நாடறிந்தவர், 1947 இல் டைம் சஞ்சிகையின் அட்டையில் வந்தவர். அவர் கதையில் பிழை ஒண்டும் இல்லையெண்டு நாங்களே வாதாடுவோம். அவர் வாதாடவில்லை. என் புத்தகம் உன் வீட்டுக்குள் வந்து ஏதோ செய்துவிட்டது எண்டு ஒப்புக்கொள்கிறார்.

லாச்சியை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் அதைத்தான் நினைத்தோம்.

லூயிசை அன்பே உருவான தாத்தாவாக நினைக்க வேண்டாம். கடிதம் எழுதுவது அவருக்குச் சுமை. நல்ல வாழ்க்கை எண்டால் கடிதம் குறைவாக வரவேணும், தபாற்காரர் கதவைத் தட்டினால் பயம் வரக்கூடாது எண்ட கருத்துப்பட அதே 1955 இல் வந்த தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நத்தார் காலத்துத் தபால் குவியலைப் பற்றிப் புறுபுறுப்பார். மை தொட்டு எழுதும் பேனைதான் அவருக்கு. பிற்காலத்தில் கைமூட்டு வலி வேறு. இராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் தட்டச்சில் உதவியும் முடியவில்லை. இவ்வளவுக்கும் பிறகு காலையில் இருந்து எழுதுகிறார், எழுதுகிறார். பிடிக்காத வேலையை ஒரு மனுசன் இவ்வளவு காலம் செய்ததால்தான் அவரை எங்களுக்குப் பிடிக்கத் தொடங்கியது. பெண்களைப் பற்றி அவர் எழுதிய சிலதை வாசித்தால் கோபம் வரும், அது வேறு கதை.

ஒரு அமெரிக்கப் பெண்மணிக்கு 1950 தொடக்கம் 1963 இல் தான் சாகும் வரை நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதியிருக்கிறார். ஒருநாளும் நேரில் கண்டதில்லை. அவவுக்கு வருத்தம், காசுக் கஷ்டம், உறவுகளோடு கொழுவல். கடைசியில் அமெரிக்கப் பதிப்பாளர் மூலம் சிறு உதவித்தொகை கிடைக்கவும் ஒழுங்கு செய்கிறார். இத்தாலியில் வெரோனாவைச் சேர்ந்த கலாப்ரியா எண்ட பாதிரியார் எழுதினால் பதில் லத்தீனில் போகும், பாதிரியாருக்கு ஆங்கிலம் தெரியாதபடியால். போருக்குப் பிறகும் இங்கிலாந்தில் பங்கீடு 1954 வரை நீண்டது. அந்தக் காலத்தில் அமெரிக்க வாசகர்கள் சாப்பாட்டுப் பார்சல் அனுப்பியிருக்கிறார்கள். நிவாரண அட்டையோடு வளர்ந்த எங்களுக்கு அந்தப் பார்சல் பிரிக்கிற சந்தோசம் விளங்கும். கடிதத்தில் தொடங்கிக் கலியாணத்தில் முடிந்த ஜோய் டேவிட்மன் கதையைப் படமாகவும் எடுத்துவிட்டார்கள், அதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விஷயம் எங்களைச் சுட்டது. தனக்கு வந்த கடிதங்களை லூயிஸ் அனேகமாகச் சேர்த்து வைக்கவில்லை. பதில் எழுதிவிட்டு அழித்துவிடுவார். ஆகவே அந்த அமெரிக்கப் பெண்மணி என்ன எழுதினார் எண்டு புத்தகத்தில் இல்லை. அவரின் குரலை எங்களால் ஊகிக்கத்தான் முடியும். வரலாறு படிக்கிறவனுக்கு இது பெரிய இழப்பு. ஸ்ரேற்றஸ் போட்ட எங்களுக்கு வேறு மாதிரிப் பட்டது.

"நீயே எழுது" எண்டு தோழியிடம் சொன்னோம். கட்டுரை அவளுடையதுதானே. அவள் உடனே கேட்டாள்: "இந்தாள் மன்னிப்புக் கேக்கச் சொல்ல அவருக்கு ஒரு ஆண்டவர் இருக்கிறார். நான் ஆரிட்டக் கேக்கிறது?"

எங்களிடம் பதில் இல்லை. ஆங்கிலம் படிக்கிறவன்தான் மெல்லச் சொன்னான், லூயிசும் அப்படி நிண்ட காலம் இருக்கெண்டு. அம்மா சுகப்பட வேணும் எண்டு மன்றாடிய சின்னப் பெடியன் அவர். 1908 இல் அம்மா செத்துப்போனார். வளர்ந்து கடவுள் இல்லை எண்டார், பிறகு 1931 இல் திரும்பினார். 1960 இல் மனைவி இறந்தபோது ஆண்டவரோடு கோபித்துக்கொண்டு எழுதிய குறிப்புகளை அடுத்த வருசம் புனைபெயரில் வெளியிட்டார். எல்லாருக்கும் பதில் எழுதின மனுசன், அந்த ஒரு புத்தகத்தைத் தன்னுடையது எண்டு சொல்லவில்லை.

"அப்ப அதுக்கு வாற கடிதங்களுக்கு ஆர் பதில் எழுதினது?" எண்டு அவள் கேட்டாள். அதுக்கும் எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அண்டிரவுதான் அவள் தாள் எடுத்தாள்.

மூன்று தரம் கிழித்தாள். முதலாவதில் கட்டுரைக்காக வாதாடினாள். இரண்டாவதில் பேத்திக்குப் புத்தி சொன்னாள். எங்களுக்கே சிரிப்பு வந்தது. மூன்றாவது நல்லாய்த்தான் இருந்தது, அதிகம் நல்லாய் இருந்தது, கட்டுரை மாதிரி. அதையும் கிழித்தாள். கடைசியில் போனது ஒன்றரைப் பக்கம். பிந்தியதற்கும், கடிதத்தை ஸ்ரேற்றஸில் போட்டதற்கும் மன்னிப்பு, அது எங்கள் எல்லாரின் பேரிலும். பிறகு அவள் தன் பேரில் எழுதினது: "ரீச்சர், எதை விட்டனான் எண்டு எனக்கும் தெரியாது. அம்மா வெளியில் வரும் வரைக்கும் மரத்துக்குக் கீழ் நிக்கிறன். வீட்டில நிக்கேல்லை. இதை உங்கட பேத்திக்குச் சொல்லுங்கோ. என்ர கட்டுரையால வீட்டில சண்டை வந்திருந்தா என்னை மன்னியுங்கோ."

முத்திரை வாங்கத் தபால் கந்தோருக்கு நாலு பேரும் போனோம். ஒருவர் போனால் காணும்தான்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. எங்கட கடிதத்தையே திருப்பி அனுப்பியிருந்தார், சிவப்பு மையால் திருத்தி. ஏழு பிழை. கூடவே ஒரு பக்கம். பேத்தி இப்போது ஞாயிறில் கூட வருகிறாளாம், ஆனால் வாசலோடு நிற்கிறாளாம். வெயில் கடுமை, அங்கே மரம் இல்லையாம். "கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை" எண்டு கடைசி வரி.

இந்தக் கடிதத்தை நாங்கள் படம் எடுக்கவில்லை. பதில் எழுத வேண்டிய முறை இப்போது எங்களில் மற்றவளுடையது. அவள் சைவம். நேற்றிலிருந்து தாளை வைத்துக்கொண்டு இருக்கிறாள்.