கருப்பட்டியும் பனையேறியும்

நோயின்றி நெடுநாள் வாழவேண்டும் என்னும் விருப்பம் மனிதனோடு பிறந்தது. அவ்விருப்பம் நம் குடும்பங்களில் இப்போது புதியதோர் உருவம் எடுத்திருப்பதை, வீடு சந்திப்புக்குச் செல்லும்போதெல்லாம் காண்கிறேன். பங்குத்தந்தை வந்தால் கடையில் வாங்கிய பிஸ்கட்டும் சீனி நிறைந்த தேநீரும் வைப்பதே மரியாதை என்று கருதிய இல்லங்களில் இன்று கருப்பட்டிக் காப்பி வருகிறது. பிளாஸ்டிக் பையை விலக்கித் துணிப்பையோடு சந்தைக்குப் போகிறவர்களும், கைக்குத்தல் அரிசியும் தினையும் தேடுகிறவர்களும் பெருகியுள்ளனர். இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும், இம்மாற்றத்தின் ஒரு பாதி இன்னும் நிறைவேறாமல் நிற்கிறது. அதனை எடுத்துரைக்கப் பனையைக் காட்டிலும் பொருத்தமான சான்று நம் குமரி மாவட்டத்தில் வேறில்லை.

நான் பனையேறியின் மகன். 1970-களின் இறுதியில் நான் சிறுவனாயிருந்தபோது, என் தந்தை பருவகாலத்தில் நாள்தோறும் முப்பதுக்கு மேற்பட்ட பனைகளில் காலையும் மாலையும் ஏறி இறங்குவார். பாளையைக் கட்டி, கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லியதாகச் சீவிக் கலயத்தைக் கட்டவேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது அக்கானி என்று நம் பக்கத்தில் வழங்கும் பதநீர். தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய அக்கானியைக் காலந்தாழ்த்தாமல் காய்ச்சுவது என் தாயின் வேலை. காய்ந்த ஓலை எரியும் அடுப்பின்முன் பதம் வரும்வரை மணிக்கணக்கில் துழாவி, சிரட்டைகளில் ஊற்றி ஆறவைப்பார். தந்தையின் நெஞ்சில் மரம் உரசிய காய்ப்பு இருந்தது. தாயின் கண்கள் புகையால் எப்போதும் சிவந்திருந்தன. எங்கள் உணவும் படிப்பும் அந்தச் சிரட்டைகளிலிருந்தே வந்தன.

அத்தொழிலுக்கு மதிப்பு இருந்ததா என்றால், இல்லை. திருவிதாங்கூர் மன்னராட்சியில் பனையேறியின் ஏணிக்கும் தளைக்கும்கூட ஏணிக்காணம், தளைக்காணம் என்று வரி வாங்கினார்கள். வரி ஒழிந்த பின்னும் இழிவு ஒழியவில்லை. ஆகவே, தம் பிள்ளைகள் மரமேறக் கூடாது என்பதே பனையேறிகளின் தலையாய வேண்டுதலாயிருந்தது. கோவிலை ஒட்டி எழுந்த பள்ளிக்கூடங்கள் அவ்வேண்டுதலுக்கு விடையாயின. என்னைக் குருமடத்தில் விட்டுத் திரும்பும்போது என் தந்தை சொன்னது ஒன்றே: "உனக்க காலு தரையில நிக்கட்டும் மக்களே!"

ஏறுவோர் குறையவே மரங்களும் குறைந்தன. செங்கல் சூளைக்கு விறகாகவும், ரப்பருக்கும் வீட்டுமனைக்கும் இடம்விட்டும் பனைகள் சாய்ந்தன. நம் மாநில மரம் பனை என்பதையே பலர் மறந்திருந்தோம். 2017 நவம்பர் 30-ஆம் நாள் வீசிய ஒக்கிப் புயலில் ரப்பரும் வாழையும் கணக்கின்றி வீழ்ந்து கிடக்க, குளக்கரைப் பனைகள் நிமிர்ந்து நின்றதைக் கண்டபோது சிலருக்கு நினைவு திரும்பிற்று. 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு முதன்முறையாகத் தனியே அளித்த வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது.

இப்போது கருப்பட்டியைத் தேடிக் கார்களில் வருகிறார்கள். ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. கருப்பட்டியில் வெள்ளைச் சீனியில் இல்லாத சில தாதுப்பொருள்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் அதுவும் பெரும்பாலும் சர்க்கரையே. நீரிழிவு உள்ளவர்கள், கருப்பட்டிதானே என்று நாளுக்கு நான்கு முறை காப்பி அருந்துவது உடலுக்கு நன்மையாகாது. இரண்டாவது, மலிவாக வேண்டும் என்று நாம் கேட்பதால், சீனியைக் கலந்து காய்ச்சிக் கருப்பட்டி என்று விற்போரும் தோன்றிவிட்டனர். உழைப்புக்குரிய விலையைக் கொடுக்க மனமில்லாதவன் கலப்படத்தையே விலைக்கு வாங்குகிறான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கொன்றில் கோவிலின் பின்புறம் இருபதுக்கு மேற்பட்ட பனைகள் நின்றன. சமூகக்கூடத்துக்கு வரும் வாகனங்களை நிறுத்த இடம் போதாமையால் அவற்றை வெட்டிவிடலாம் என்ற யோசனை பங்குப்பேரவையில் எழுந்தது. நகரில் அலுவல் பார்க்கும் இளைஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பனை மண்ணைப் பிடித்து நிற்பது, வறட்சியைத் தாங்குவது, பறவைகளுக்குப் புகலிடமாவது ஆகியவற்றையெல்லாம் அழகாக எடுத்துரைத்தார்கள். அப்போது, எழுபது வயதைக் கடந்த முன்னாள் பனையேறி ஒருவர் எழுந்தார்.

"சாமி, மரம் நல்லதுதான். எனக்க தம்பி மரத்துல இருந்து விழுந்து பதினொரு வருசம் பாயில கிடந்து செத்தான். அப்போ பார்க்க ஒருத்தரும் வரல்ல. மரத்துக்குப் பேச இத்தனை பேரு இருக்கியளே, ஏறுறவனுக்குப் பேச ஆரு உண்டு?"

கூட்டம் அமைதியாயிற்று. மறுமொழி சொல்ல எனக்கும் நா எழவில்லை.

அக்கேள்விக்கு விடை காண்பதற்கு இரண்டு மாதங்கள் ஆயின. மரங்கள் நிற்கட்டும் என்றும், வாகனங்களுக்குப் பள்ளி மைதானத்தின் ஓரத்தை ஒதுக்குவது என்றும் முடிவாயிற்று. ஏறுவதற்கு எங்கள் பங்கில் எவருமில்லை. அடுத்த ஊரிலிருந்து ஒருவர் இசைந்து வந்தார். பருவம் முழுவதற்கும் நிலையான கூலி, விபத்துக் காப்பீடு, இடுப்பில் கட்டும் பாதுகாப்பு வார் ஆகியவற்றைப் பேரவை ஏற்றது. காய்ச்சும் அவர் மனைவிக்கும் தனிக் கூலி உண்டு. இவற்றையெல்லாம் கூட்டியபின் கருப்பட்டிக்கு விலை வைத்தோம். கடை விலையைவிட அது மிகுதியாகவே இருந்தது. முதலாண்டில் முணுமுணுப்பும் இருந்தது. ஆயினும் வாங்கினார்கள். வெட்டச் சொன்ன அந்த முதியவரே நாள்தோறும் வந்து, எந்தப் பாளை சீவும் பதத்தில் இருக்கிறது என்று கீழேயிருந்து காட்டிக்கொடுத்தார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் பிரிக்காமல் ஒருங்கே கேட்குமாறு நம்மைப் பணிக்கிறது. சிக்கனமாக வாழ்வதும் நஞ்சற்ற உணவை உண்பதும் நற்செயல்களே. ஆனால், என் உடல்நலத்துக்காக இன்னொருவன் தன் முதுகெலும்பைப் பணயம் வைக்கிறான் என்பதை நான் எண்ணாவிடில், அந்த நலம் முழுநலம் ஆகாது. உடல், மண், அயலான் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நலம்.

குடும்பத் தலைவர்களும் தாய்மார்களும் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. காய்ச்சுகிறவரின் வீட்டுக்கே சென்று, பேரம் பேசாமல் கருப்பட்டி வாங்குங்கள். உங்கள் அன்பியத்தில் பனையேறி எவரேனும் இருந்தால், பனைமரத் தொழிலாளர் நலவாரியத்தில் அவர் பெயர் பதிவாகியுள்ளதா என்று கேட்டு, இல்லையேல் உடன் சென்று பதியச் செய்யுங்கள். ஆடி, ஆவணியில் பழம் உதிரும்போது பிள்ளைகளோடு கொட்டைகளைப் பொறுக்கிக் குளக்கரைகளில் ஊன்றுங்கள். அவை பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள், அவற்றில் ஏறுகிறவன் அச்சமின்றி ஏறவும், நிமிர்ந்து நடக்கவும், தன் பிள்ளையிடம் தன் தொழிலைத் தயக்கமின்றிச் சொல்லவும் ஏற்ற ஊராக நம் ஊரை ஆக்கிவைப்பது நம் கடமை.