தங்கவயலில் கண்ட விந்தைகள்

கோலார் தங்கவயலுக்கு நாம் தனியே சென்றிருந்தோம். அருகிலுள்ள கம்மசந்திராவில் 108 அடி உயர லிங்கத்தைத் தரிசித்தபின், நகரைச் சூழ்ந்த சயனைடு மேடுகளைக் கண்டோம். குன்றுகள்போல் தோன்றும் அவை, பாறையை அரைத்துச் சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மணற்குவியல்களே. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழமுடையது. 1965ஆம் ஆண்டில் அறிவியலறிஞர் நியூட்ரினோவின் தடயங்களைக் கண்டதும் இவ்வயலின் நிலத்தடியிலேதான். அத்துணை ஆழத்தில் உழைத்தோருள் பலர் வட ஆற்காட்டிலிருந்து குடிபெயர்ந்த நம் தமிழர்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் பலர் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். அம்மேடுகளைக் காணச் செல்வோர், அவற்றுக்குப் பின்னுள்ள உழைப்பு யாருடையது என்பதையும் தம் மக்களுக்கு எடுத்துரைப்பார்களாக.