ஒரே சஹனில் லெபனான்

2022ஆம் ஆண்டு டிசம்பரில், துபையில் பணிபுரியும் என் தம்பியின் அழைப்பை ஏற்று அங்குச் சென்றிருந்தேன். பதினெட்டு ஆண்டுகளாக அங்கே உழைப்பவன் அவன். தொலைபேசியில் உரையாடும்போதெல்லாம் "குபூஸும் பருப்புமாகக் காலம் ஓடுகிறது" என்பான். ஆதலின் அந்நாட்டு ரொட்டி என்றாலே வறுமையின் உணவு என்னும் எண்ணம் என் மனத்தில் வேரூன்றியிருந்தது.

ஒருநாள் மாலை, தேராப் பகுதியில் லெபனான் நாட்டவர் நடத்தும் உணவகம் ஒன்றிற்கு அழைத்துச் சென்றான். "காக்கா, அரபி ஓதிக்கொடுப்பவர் நீங்கள், இன்று நீங்களே கேட்டு வாங்குங்கள்" என்றான். நானும் மிடுக்கோடு அமர்ந்தேன். பரிமாற வந்த முதியவர், "ஷூ பத்தக்?" என்றார். இருபது ஆண்டுகளாக நஹ்வும் ஸர்ஃபும் கற்பிக்கும் எனக்கு அவ்விரு சொற்கள் விளங்கவில்லை! 'என்ன வேண்டும்?' என்பதற்கு லெபனான் மக்களின் பேச்சு வழக்கு அது என்று தம்பி விளக்கினான். மதரஸாவில் ஓராண்டுகூட முழுதாய் ஓதாத அவன் சரளமாக உரையாட, நான் வாய்மூடி இருந்தேன்.

சிறு கிண்ணங்களில் 'மெஸ்ஸே' எனப்படும் தொடக்க உணவுகள் வந்தன. வேகவைத்து மசித்த கொண்டைக்கடலையோடு எள்ளுச்சாந்தும் எலுமிச்சைச் சாறும் பூண்டும் சேர்த்து, ஸைத்தூன் எண்ணெய் ஊற்றியது ஹும்முஸ். கொண்டைக்கடலை என்பதே அச்சொல்லின் பொருள். பார்ஸ்லிக் கீரையைப் பொடியாக அரிந்து, புதினா, தக்காளி, உடைத்த கோதுமை ஆகியவற்றோடு கலந்தது தப்பூலா. மிளகாய்க்குப் பழகிய நாவிற்கு முதலில் எல்லாம் சப்பென்றிருந்தன. நான்காம் கவளத்தில்தான் எலுமிச்சையின் புளிப்பும் ஸைத்தூனின் மணமும் பிடிபட்டன.

அடுத்து வந்தது ஃபத்தூஷ். வெள்ளரி, தக்காளி, கீரை ஆகியவற்றோடு மொறுமொறுப்பான ரொட்டித் துண்டுகள்; மேலே சுமாக் என்னும் புளிப்பான செந்நிறப் பொடி. பிட்டுப் போடுதலைக் குறிக்கும் அரபிச் சொல்லோடு உறவுடையது அப்பெயர். நேற்றைய ரொட்டி வீணாகாதிருக்கவே இவ்வுணவு என்றார் முதியவர். என் வேண்டுகோளுக்கு இணங்கி, இப்போது அவர் நூல்வழக்கில் நிதானமாகப் பேசினார். அவருடைய ஊர் பெய்ரூத். 2020 ஆகஸ்ட் 4 அன்று அந்நகரத் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கிருந்த பெரும் தானியக் களஞ்சியமும் சிதைந்தது. "நாங்கள் ரொட்டியை எறிவதில்லை" என்றவர், வேறெதுவும் சொல்லவில்லை.

பின்னர் உள்ளே திரும்பி, 'ஸஹ்ன்' ஒன்று கொண்டுவரும்படி குரல் கொடுத்தார். என் செவி கூர்ந்தது. எங்கள் காயல்பட்டினத்துக் கல்யாண வீடுகளில் சுற்றி அமர்ந்து உண்போமே, அந்தச் சஹன்! தட்டைக் குறிக்கும் அரபிச் சொல், கடல் கடந்து வந்து நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. தம்பியிடம் அதைக் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்த அவன், "இங்கு வந்த நாள்முதல் எனக்குத் தனித்தட்டுதான் காக்கா" என்றான்.

வந்த தட்டில், உடைத்த கோதுமையும் இறைச்சியும் சேர்த்து அரைத்த கலவையினுள் கொத்திய இறைச்சியைப் பொதிந்து பொரித்த கிப்பே இருந்தது. இருவரும் ஒரே சஹனில் உண்டோம். எஞ்சிய இரண்டு குபூஸைத் தம்பி தாளில் சுற்றி எடுத்துக்கொண்டான். அதை வறுமையின் உணவு என்றெண்ண இனி எனக்கு மனம் வராது.

இப்போதெல்லாம் வகுப்பில் 'ஸஹ்ன்' என்னும் சொல் வரும்போது, பொருளை மட்டும் கூறிவிட்டு நான் அடுத்த சொல்லுக்குச் செல்வதில்லை.