கல்லில் விரித்த கம்பளம்

சித்தன்னவாசல் என்றதும் தாமரைத் தடாகமும் நாட்டியப் பெண்களுமே நம் நினைவில் முந்தி நிற்பதால், அங்குள்ள அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையின் விதானத்தில் ஒரு பகுதி கம்பளம் போலவே தீட்டப்பட்டிருப்பதைப் பெரும்பாலோர் அண்ணாந்து பாராமலே திரும்பிவிடுகிறார்கள். பூஜைக்குரிய திருமேனிகளின் மேலே சித்திரத் துணி கட்டும் ஆசாரத்தையே அதைத் தீட்டிய கலைஞன் பாறையில் சாசுவதமாக்க விரும்பினான் என்பது என் எண்ணம்.

கோடுகளும் கட்டங்களுமாகப் பரந்த அந்தக் கோலத்தில், சில கட்டங்களில் தாமரை விரிந்திருக்கிறது. வேறு சிலவற்றில் நுனிகள் குமிழ்போல் திரண்ட சிலுவை வடிவமும், அதன் மேற்புறத்தில் மனித உருவங்களும், கீழ்ப்புறத்தில் சிங்கங்களும் அமைந்திருக்கின்றன. சேற்றில் தோன்றியும் சேறு படியாத தாமரை, பற்றற்ற ஆன்மாவுக்குச் சமணர் கண்ட சின்னம். சிங்கமோ மகாவீரரின் இலாஞ்சனம், அதாவது அவருக்குரிய அடையாளம். சிலுவை வடிவத்துக்கு வலிந்து தத்துவம் கற்பிக்க எனக்கு மனமில்லை. அது வெறும் அலங்காரமாகவே நின்றாலும் அதன் அழகுக்குக் குறைவில்லை.

9ஆம் நூற்றாண்டில், ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலின் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. இந்தக் கம்பளச் சித்திரமோ அவனுக்கும் முந்திய பூச்சைச் சேர்ந்தது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

பூத்தையல் பயிலும் புதுக்கோட்டைச் சகோதரிகளே, அயல்நாட்டுப் புத்தகங்களின் ரோஜாக்களை மாதிரித் துணியில் இழைக்குமுன், ஒருமுறை சித்தன்னவாசலுக்குச் சென்று இந்தக் கட்டங்களைக் கண்ணாரக் கண்டு, காகிதத்தில் வரைந்துகொண்டு வாருங்கள்.