காபியோ டீயோ வேண்டாம்

போன ஞாயிறு பேரன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். "தாத்தா, எந்த நம்பர் குடுத்தாலும் ஆமான்னே சொல்லுது." பைத்தானில் 'இஃப் எக்ஸ் == 1 ஆர் 2' என்று எழுதியிருந்தான். அந்த 2-ஐ பைத்தான் எக்ஸோடு சேர்த்துப் பார்க்காது. தனி நிபந்தனையாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் அல்லாத எண் எதுவானாலும் அதற்கு 'ஆம்'தான். 'எக்ஸ் இன் (1, 2)' என்று மாற்றிக் கொடுத்தேன். அவன் விளையாடப் போய்விட்டான். எனக்குத்தான் 1988 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் ஓய்வூதியப் பட்டியல் என் பொறுப்பு. கோபால் மொழி. (தமிழில் எழுதினால் ஆள் பெயர் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய!) வகை 1 ஓய்வூதியர், வகை 2 குடும்ப ஓய்வூதியர், வகை 3 தற்காலிக ஓய்வூதியம் வாங்குபவர். மூன்றாம் வகைக்கு மருத்துவப் படி கிடையாது என்று உத்தரவு வந்தது. 'இஃப் டைப் நாட் = 1 ஆர் 2' என்றால் படி பூஜ்யம் என்று ஒரு வரி சேர்த்தேன்.

வீட்டில் "காபியோ டீயோ வேண்டாம்" என்றால் இரண்டுமே வேண்டாம் என்று யாருக்கும் புரியும். கோபால் அதை விரித்துப் படிப்பது வேறு மாதிரி: '1 இல்லை, அல்லது 2 இல்லை'. 1-ஆக இருப்பவர் 2 இல்லையே! 2-ஆக இருப்பவர் 1 இல்லையே! எல்லோருக்கும் படி போய்விட்டது. நான் சோதித்துப் பார்த்ததோ மூன்றாம் வகையை மட்டும். அது சரியாகத்தான் வந்தது.

சம்பள நாளன்று கவுண்டரில் ஒரு அம்மா, இறந்துபோன டிரைவரின் மனைவி, பணத்தை இரண்டு தடவை எண்ணினார். 25 ரூபாய் குறைந்தது.

"சர்க்கரை மாத்திரைக்கு அதைத்தான் தம்பி வெச்சிருந்தேன். நான் ஏதாவது தப்பாக் கையெழுத்துப் போட்டுட்டேனா?"

"உங்க மேல தப்பில்லீங்கம்மா, கம்ப்யூட்டர்ல கோளாறு" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

மேலதிகாரி திட்டவில்லை. அந்த வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். நாலாவது தடவைதான் எனக்கு உறைத்தது. கோபாலில் 88 என்று எண்ணிட்டு நிபந்தனைக்கே ஒரு பெயர் வைக்கலாம். 1, 2 இரண்டுக்கும் சேர்த்து 'படி-உண்டு' என்று வைத்தேன். 'இஃப் படி-உண்டு' என்றால் படியைச் சேர், இல்லாவிட்டால் பூஜ்யம். 'நாட்' என்ற சொல்லுக்கே வேலையில்லை. மூன்று வகையையும் ஓட்டிப் பார்த்தேன். புரோகிராம் தெரியாத கணக்குப் பிரிவு குமாஸ்தாவும் படித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

விட்டுப்போன 25 ரூபாயை அடுத்த மாதம் சேர்த்துப் போட்டோம். அந்த அம்மா எண்ணி முடித்துவிட்டு என்னைத் தேடி வந்தார்.

"கம்ப்யூட்டருக்குச் சரியாயிடுச்சா தம்பி?"

"ஆயிடுச்சும்மா."